நாற்பதாவது பலகை

தர்மபுரி
13.1.1986

அன்புத் தம்பி கஸ்பாருக்கு, இசபெல்லா அக்கா எழுதுவது.

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை சித்தேரிக்குப் போயிருந்தேன். நம் மரவீட்டுச் சுவரை ஒருவர் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். "யாருங்க நீங்க" என்று கேட்டேன். "மாரண்டஹள்ளி கிருஷ்ணப்பன் மண்டி ஆளுங்க. ஓசூர் சாரு பலகையெல்லாம் குடுத்துடறேன்னு சொன்னாருங்க. தக்காளிப் பொட்டி அடிக்கத்தான்" என்றார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, கடைசி பஸ் வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.

தக்காளிப் பெட்டியா கஸ்பார்?

உன் பேக்டரிக்குச் சீமையிலிருந்து மிஷின் வந்த பெட்டிகளை ஏலத்தில் எடுத்தது நீ. அவற்றில் ஆணி பிடுங்கியது நான். பிடுங்கிய ஒவ்வொரு ஆணியையும் தட்டி நிமிர்த்தி டப்பாவில் போட்டதும் நான். இரண்டு வருஷம் நமக்குச் சனி ஞாயிறு என்று ஒன்று இருக்கவில்லை. நீ ஓசூரிலிருந்து வருவாய், நான் இங்கிருந்து வருவேன், அரூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு மலை பஸ்ஸின் கூரையில் பலகை கட்டிக்கொண்டு போவோம். நிலம் மாதப்பனுடையது, வீடு நம்முடையது, மழை வந்தால் வீட்டுக்கு அடியில் கல்தூண்களுக்கு நடுவே அவருடைய ஆடுகள் நிற்கும் என்று ஒப்பந்தம் பேசியது நீதான். ஆடுகளுக்குக்கூட அந்த வீட்டில் உரிமை இருக்கிறது. எனக்கு இல்லையா? ஒரு வார்த்தை கேட்காமல் எப்படிக் கொடுத்தாய்?

அக்டோபரில் நடந்தது எனக்கு மறக்கவில்லை. அதில் என் பங்கும் உண்டு என்பது தெரியும். அதற்காக வீட்டைப் பிரிப்பதா?

பதினாறு வருஷமாக டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். என் காதில் எப்போதும் யாராவது அவசரத்தில் இருக்கிறார்கள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஹாஸ்டல் அறையில் என் கட்டிலுக்கு மேலே இன்னொருத்தியின் சேலை காய்கிறது. எனக்கென்று ஒரு கதவு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது திறக்காத கதவாக இருந்தாலும் பரவாயில்லை.

பலகை ஏற்ற வரும் லாரியை நிறுத்து. இன்னும் ஒரு ஐப்பசி மழை பார்க்கலாம். மிச்ச வேலையை நான் முடிக்கிறேன்.

ராஜமேரிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. நீ நலமா?

இசபெல்லா

*

ஓசூர்
22.1.1986

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்களிடம் கேட்காமல் கிருஷ்ணப்பனுக்கு வாக்குக் கொடுத்தது உண்மைதான். கேட்டால் இப்படித்தான் எழுதுவீர்கள் என்று தெரியும்.

நீங்கள் எல்லாவற்றையும் ஞாபகப்படுத்தியிருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் 'நடந்தது' என்று சுருக்கிவிட்டீர்கள். நான் விரிவாகச் சொல்கிறேன். அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை, பங்குச் சாமியார் வந்து வீடு மந்திரிக்கும் நாள். கொட்டுகிற மழையில் சொந்தபந்தம் இருபத்திரண்டு பேரை மலை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தேன். சாமியார் தீர்த்தச் செம்போடு நிற்கிறார். நான் சாவியைப் போட்டுத் திருகினேன். பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. தோளால் இடித்தேன். காலால் உதைத்தேன். நிலை விரிசல் விட்டு, கதவோடு சேர்ந்து நானும் உள்ளே குப்புற விழுந்தேன். எழுந்து பார்த்தால் நான் போட்ட தரை நடுவில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. சாமியார் குடைக்குள் நின்றபடியே உள்ளே தீர்த்தம் தெளித்துவிட்டு முடித்துக்கொண்டார்.

அப்போது யாரும் சிரிக்கவில்லை. நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள். நீங்கள் சிரித்த பிறகுதான் இருபத்திரண்டு பேரும் சிரித்தார்கள்.

நான் பிட்டர். இருபது வருஷமாக ஒரு பொருளோடு இன்னொன்றைப் பொருத்துவதுதான் என் பிழைப்பு. என் கையிலிருந்து போன சாமான் இதுவரை திரும்பி வந்ததில்லை. அந்தத் தரையில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு காகிதம்கூட நுழையாதபடி போட்டிருந்தேன். கிறிஸ்மஸுக்கு மதலைமுத்து மாமா வந்திருந்தார். என் போர்மேன் எதிரில் வைத்தே, "கஸ்பார் கட்டுன வூட்டுக்குள்ள றெக்க வெச்ச சம்மனசுங்க மட்டும்தாங்க போவ முடியும். மனுசன் போவ முடியாது" என்றார். போர்மேன் அதைப் பேக்டரி முழுவதும் சொல்லிவிட்டார். இப்போது கேண்டீனில் கதவைத் திறக்கிறவன் எல்லாம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறான்.

எனக்கு அந்த வீடு வேண்டாம். அதை நினைத்தாலே உடம்பு கூசுகிறது. தக்காளிப் பெட்டியாகவாவது உருப்படட்டும். ஈஸ்டர் முடிந்ததும் லாரி வரும்.

இப்படிக்கு,
கஸ்பார்

*

தர்மபுரி
3.2.1986

அன்புத் தம்பிக்கு,

கடிதம் முழுவதும் 'நீங்கள், உங்கள்' என்று போட்டிருக்கிறாய். சின்ன வயதிலிருந்தே உனக்குக் கோபம் வந்தால்தான் மரியாதை வரும்.

சிரித்ததற்கு வருகிறேன். 'உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பதற்றத்தில் சிரித்துவிட்டேன்' என்று எழுதலாம். பொய்யாகிவிடும். உன்னைப் பார்த்துத்தான் சிரித்தேன். புதுச் சட்டையும் நீயுமாகக் கதவோடு சேர்ந்து உள்ளே போனாயே, அதைப் பார்த்துத்தான். சிரித்து முடிப்பதற்குள் உன் முகம் தெரிந்தது. அப்போதே வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அதற்குள் மற்றவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்கே உன்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது சிரித்ததைவிடப் பெரிய தப்பு. இப்போது கேட்கிறேன்.

இனி நான் சொல்லப்போவதைப் பிட்டராக இருந்து படி.

அன்றைக்கு நீ மழையில் இறங்கிப் போனபோது உன் வெர்னியர் அளவுகோலை ஜன்னல் கட்டையிலேயே விட்டுவிட்டாய். நவம்பர் பத்தாம் தேதி நான் தனியாகப் போய், தூக்கிக்கொண்டு நின்ற தரையில் உட்கார்ந்து ஒரு பலகையின் அகலத்தை அளந்தேன். 123.4 மில்லிமீட்டர். அதே பலகையை, பென்சில் அடையாளம் போட்ட அதே இடத்தில், போன மாதம் அளந்தேன். 122.1. பலகை இளைத்திருக்கிறது. சித்திரை வெயிலில் இன்னும் இளைக்கும். மொத்தம் இரண்டு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன்.

நீ தரை போட்டது ஏப்ரலில், மரம் எலும்பாகக் காய்ந்திருந்த நேரத்தில். நாற்பது பலகை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு. ஆக எண்பது மில்லிமீட்டர். மூன்று அங்குலத்துக்கும் மேலே. நீ காகிதம் நுழையாமல் பொருத்திவிட்டாய். அந்த மூன்று அங்குலமும் மழையில் எங்கே போகும்? மேலே எழும்பும், பக்கத்தில் நிலையைத் தள்ளும். கதவு எப்படித் திறக்கும்?

எக்ஸ்சேஞ்சில் என் மேசை டிராயர் ஐப்பசியில் இழுத்தால் வராது. மாசியில் தானாகவே வெளியே வந்து முழங்காலில் இடிக்கும். பதினாறு வருஷமாகப் பார்க்கிறேன், அக்டோபரில்தான் உறைத்தது. நீ இரும்போடு பழகியவன். இரும்பு ஐப்பசிக்கு ஒன்று சித்திரைக்கு ஒன்று என்று மாறுவதில்லை. உன் வேலையில் குறை இல்லை தம்பி. அளவுக்கு மேல் நன்றாகச் செய்துவிட்டாய், அவ்வளவுதான்.

சித்திரையில் தரையைப் பெயர்த்து, ஒவ்வொரு பலகைக்கும் நடுவே ஒரு தீக்குச்சி கனம் இடம் விட்டு நானே திரும்பப் போடப் போகிறேன். தீக்குச்சி இரண்டு மில்லிமீட்டர். உன் வெர்னியரில்தான் அளந்தேன்.

ஈஸ்டருக்கு லாரி வந்தால் நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன். என்னையும் சேர்த்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.

இசபெல்லா

*

ஓசூர்
20.2.1986

அக்கா அவர்களுக்கு,

பிட்டராக இருந்து படிக்கச் சொன்னீர்கள். படித்தேன். இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நான் ஒரு சாமான் கொடுத்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நீங்கள் முப்பத்தொன்பது இடத்தில் விடப் போகிறீர்கள். அது தரையா, சல்லடையா? பாச்சை வரும், பல்லி வரும், கீழேயிருந்து ஆட்டுவாடை நேராக மூக்குக்கு வரும்.

கிருஷ்ணப்பன் இந்தப் பக்கம் வந்திருந்தார். இந்த வருஷம் தக்காளிச் செடி வாடல் நோயில் போய்விட்டதாம், கார்த்திகை வரை அவருக்குப் பெட்டி தேவைப்படாது என்றார். அதனால் உங்களுக்கு நேரம் கிடைத்திருக்கிறது. என் மனம் இளகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிபந்தனை இரண்டு. ஐப்பசி மழை நன்றாகப் பெய்து ஊறிய பிறகு கதவு ஒரே கையால் திறக்க வேண்டும். தரையில் ஸ்பிரிட் லெவல் வைத்தால் குமிழி நடுவில் நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் கார்த்திகை முதல் வாரம் லாரி மலை ஏறும். அப்போது உள்ளே உட்கார்ந்துகொண்டு அடம் பிடிக்கக் கூடாது. சம்மதமா என்று எழுதவும்.

வெர்னியரை வெறும் துணியில் சுற்றி வைக்க வேண்டாம். எண்ணெய் தடவி வைக்கவும்.

கஸ்பார்

*

தர்மபுரி
28.4.1986

அன்புத் தம்பிக்கு,

சம்மதம் என்று கார்டு போட்டேன், கிடைத்திருக்கும். வெர்னியருக்கு எண்ணெய் போட்டுவிட்டேன்.

தரை முடிந்தது. பங்குனியிலேயே ஆரம்பித்துவிட்டேன், ஆறு வாரம் பிடித்தது. சனி ஞாயிறு விடுப்புக்காக எக்ஸ்சேஞ்சில் எல்லோருடைய மாலை டியூட்டியையும் நானே வாங்கிக்கொண்டேன். மேற்பார்வையாளர் அம்மாள், "இசபெல்லா, மலை மேல யாரையாவது வெச்சிருக்கியாடி" என்று கேட்டாள். "ஆமாங்க, நாப்பது பேரு" என்றேன்.

நாற்பது பலகைக்கும் சாக்பீஸால் நம்பர் போட்டுப் பெயர்த்தேன். நீ அடித்த ஆணியைப் பிடுங்குவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. உள்ளங்கையில் கொப்பளம் உடைந்து, மறுபடி கொப்பளித்து, இப்போது தோல் தடித்துவிட்டது. ஹெட்போனைத் தூக்கினால் கை சொரசொரக்கிறது. மாதப்பன் பலகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வார். அவர் மனைவி தீர்த்தம்மாள், நடுவே செருகி அப்படியே விட்டுவிடத் தீக்குச்சி எடுத்துக் கொடுப்பாள். ஒரு வத்திப்பெட்டி தீர்ந்ததும், "போனம்மா, அடுப்புப் பத்த வெக்கற குச்சிய வெச்சு வூடு கட்டறது உங்க ஒருத்தர்தானுங்க" என்றாள். போன் ஆபீஸ் வேலை என்பதால் அங்கே எனக்குப் பெயரே போனம்மாதான்.

ஒரு வேடிக்கை. இடைவெளி விட்டுக்கொண்டே வந்தேனா, கடைசியில் நாற்பதாவது பலகைக்கு இடமே இல்லை. முப்பத்தொன்பதோடு சுவர் வந்துவிட்டது, சுவரோரம் ஒன்றரை அங்குலம்தான் மிச்சம். அதன் மேல் ஒரு பட்டி அடித்து மூடிவிட்டேன். நாற்பதாவது பலகை அனாதையாக நிற்கிறது. அது எது தெரியுமா? கண்ணாடி தம்ளர் படம் போட்ட பலகை. 'உடையும் சாமான், ஜாக்கிரதை' என்று பெட்டியில் அச்சடிப்பார்களே, அதுதான். மலைக்காரர்கள் அதைப் பூசைப் பாத்திரம் என்று நினைத்து, இது கோயில்தான் என்று பேசிக்கொள்கிறார்களாம். அந்தப் பக்கம் போகும்போது மாதப்பன் செருப்பைக் கழற்றுகிறார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன்.

சுவருக்குப் பூசக் கழிவு ஆயில் வேண்டும். இங்கே லாரி ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் பொம்பளைக்கு எதற்கு ஆயில் என்கிறார்கள். உன்னைக் கேட்கவில்லை, சொல்லிவைக்கிறேன்.

வெயிலில் அளந்த அளவு 121.4. நான் சொன்னபடி இரண்டு மில்லிமீட்டர் சரியாக வந்துவிட்டது. அன்றைக்கு அரூர் வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். இந்தச் சிரிப்பு உன்னைப் பற்றியது இல்லை.

இசபெல்லா

*

ஓசூர்
19.5.1986

அக்காவுக்கு,

அரூர் டீக்கடையில் உங்கள் பெயருக்கு இரண்டு டின் ஆயில் வந்து சேர்ந்திருக்கும். நான் அனுப்பவில்லை, ராஜமேரி அனுப்பினாள்.

அவள் சொல்லச் சொன்னது: ஆயிலைத் தரையில் பூசக் கூடாது, வழுக்கி விழுந்தால் இடுப்பு போய்விடும். சுவருக்கு வெளிப்பக்கம் மட்டும். துணியால் தேய்க்க வேண்டும், பிரஷ் வேண்டாம். முதல் கை காய்ந்து ஒரு வாரம் கழித்து இரண்டாம் கை. பலகையின் வெட்டுமுனைகளை விட்டுவிடக் கூடாது, மரம் தண்ணீர் குடிப்பதே அந்த வழியாகத்தான். வருஷத்துக்கு ஒரு முறை, கோடையில், தவறாமல் பூச வேண்டும். அவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம்.

கதவைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே. கதவு என்ன ஆயிற்று?

கஸ்பார்

*

தர்மபுரி
4.8.1986

அன்புத் தம்பிக்கு,

கடைசியில் ஒரு 'உன்' விழுந்துவிட்டதைக் கவனித்தேன். ராஜமேரிக்கு நன்றி சொல். அவள் இவ்வளவு நல்ல மெக்கானிக் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

உன் கடிதம் வந்து இரண்டரை மாதம் ஆகியும் எழுதவில்லை. எழுத நல்ல செய்தி எதுவும் இல்லை. ஜூனில் காற்று ஓடுகளைப் புரட்டிவிட்டது. பதினோரு ஓடு உடைந்தது. ஜூலையில் மேற்குப் பக்கக் கல்தூணில் கரையான் சுரங்கம் கட்டி மேலே ஏறியிருந்தது. கல்லில் ஏறாது என்று நினைத்திருந்தேன். அது கல்லின் மேல் மண்ணால் ரோடு போட்டுக்கொண்டு ஏறுகிறது. சுரண்டி எறிந்து, தூண் தலையில் எல்லாம் தார் பூசினேன். அடுத்த வாரம் போனால் வேறொரு தூணில் ஆரம்பித்திருக்கிறது. இப்போது வீட்டுக்குள் போவதற்கு முன் ஒன்பது தூணையும் சுற்றிக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் படி ஏறுகிறேன். வீடு கட்டி முடிப்பது என்று ஒன்று இல்லை போலிருக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அது முதலிலிருந்து என்னைக் கேட்கிறது.

போன வாரம் இடுப்பு வலியோடு பஸ்ஸில் இறங்கி வரும்போது, தக்காளிப் பெட்டியாகவே போகட்டும் என்று தோன்றிவிட்டது. உன்னிடம் மறைக்கவில்லை, ஒரு நாள் முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதவைக் கேட்டாய். கதவு சுவரில் சாய்ந்து நிற்கிறது. வாசலில் சாக்கு தொங்குகிறது. விரிசல் விட்ட நிலையைக் கழற்றிவிட்டு, இருக்கிற கட்டையிலேயே வேறு ஒன்று செய்ய மாதப்பனும் நானும் இரண்டு வாரம் முயன்றோம், கோணலாக வந்தது. தரை எனக்குக் கணக்கில் பிடிபட்டது. கதவு பிடிபடவில்லை. எவ்வளவு இடம் விடுவது, எந்தப் பக்கம் விடுவது, கீல் எங்கே வைப்பது, ஒன்றும் தெரியவில்லை. ஊரில் உள்ள ஆசாரியை அழைத்திருக்கலாம். ஏனோ மனம் வரவில்லை. அந்தக் கதவு உன் வேலை.

வர வேண்டாம். எழுதினால் போதும்.

இசபெல்லா

*

ஓசூர்
11.8.1986

அக்கா,

உன் கடிதம் சாயங்காலம் வந்தது. படம் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். பழைய அளவு என்னிடம் இருக்கிறது, இரண்டு வருஷமாக மேசை டிராயரில்தான் கிடக்கிறது.

கதவைக் குறுக்குச் சட்டம் வைத்து மறுபடி அடி. பலகைகளுக்கு நடுவே நீ சொன்ன அதே தீக்குச்சி. கீல் பக்கம் இரண்டு மில்லிமீட்டர், பூட்டுப் பக்கம் ஐந்து, அடியில் எட்டு. மேல் பக்கம் மூன்று போதும். காற்று வராமலிருக்க உள்பக்கம் ஒரு பட்டி, நிலையில் அடி, கதவில் அடிக்காதே. கீல் மூன்று, பித்தளையில் தனிப் பார்சலாக வருகிறது. என் லேத்தில் கடைந்த ஆணி. அதற்கு ராஜமேரி பெயரைச் சொன்னால் நம்ப மாட்டாய்.

முக்கியமான விஷயம். நிலையைத் தரையோடு முட்டவைக்காதே. நிலைக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் விடு. நான் இரண்டையும் சேர்த்து ஆணி அடித்திருந்தேன், அதனால்தான் தரை தள்ளியதும் நிலை கோணிக்கொண்டது. பலகைக்கு நடுவே இடம் விடாதது ஒரு தப்பு, இது இரண்டாவது. இரண்டும் என் தப்பு. பேக்டரியில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை, உனக்கு எழுதுகிறேன்.

கரையானுக்கு மனம் விடாதே. தூண் தலையில் தாரோடு, கவிழ்த்த தட்டு போல ஒரு தகரம் வை. விளிம்பைக் கீழே மடக்கிவிடு. ஏறினால் அந்த விளிம்பில் வெளியே வந்து கண்ணில் படும்.

நிபந்தனை நிபந்தனைதான். கிருஷ்ணப்பன் போன வாரம்கூட நினைவுபடுத்தினார். வாக்கு மாற எனக்குப் பழக்கமில்லை.

இடுப்புக்கு என்ன மருந்து போடுகிறாய்?

கஸ்பார்

*

தர்மபுரி
12.11.1986

அன்புத் தம்பிக்கு,

இதை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். உள்ளே ஒரு சாவி இருக்கிறது, பத்திரம்.

செப்டம்பர் கடைசியில் கதவு மாட்டினோம். அன்றைக்கு வெயில், பூப்போலத் திறந்தது. வெயிலில் உன் கதவும்தான் திறந்தது, அதனால் நான் துள்ளவில்லை. அக்டோபர் பத்தொன்பதாம் தேதி போனபோது மழை பிடித்திருந்தது. தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஆடின, இன்னும் இடம் இருந்தது. அதன் பிறகு நான் போகவில்லை. போக முடியவில்லை. மலை ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்று மூன்று வாரம் ஆகிறது. நேற்று வரை அடைமழை. எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக மழையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தரை என்ன செய்கிறதோ என்ற நினைப்புதான். கூப்பிடுகிறவர்களுக்கு நம்பரை மாற்றிக் கொடுத்து இரண்டு முறை திட்டு வாங்கினேன்.

ரோட்டை அடுத்த வாரம் திறந்துவிடுவார்கள் என்கிறார்கள். கார்த்திகை முதல் வாரம் உன் லாரியும் வரும். நான் வரப் போவதில்லை. நீ போ. நான் கூட இருந்தால் கதவைத் தொடும்போது நீ என் முகத்தைத்தான் பார்ப்பாய், எங்கே சிரித்துவிடுவேனோ என்று எனக்கும் பயமாக இருக்கும். அன்றைக்கு இருபத்திரண்டு பேர் எதிரில் நடந்தது. இன்றைக்கு யாரும் வேண்டாம், நீயும் கதவும் மட்டும்.

எனக்கு அந்த வீடு வேண்டும் கஸ்பார். ஒரு வருஷம் முழுவதும் அதற்காகத்தான் எழுந்தேன், அதற்காகத்தான் படுத்தேன். ஆனால் கதவு திறக்கவில்லை என்றால் பலகையை ஏற்றிக்கொள். பேச்சு மாற மாட்டேன். என்ன நடந்ததோ அதை மட்டும் எழுது. எனக்காக ஒரு மில்லிமீட்டர்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாதே.

ஸ்பிரிட் லெவல் எடுத்துக்கொண்டு போ. வெர்னியர் அங்கே ஜன்னல் கட்டையில் இருக்கிறது.

இசபெல்லா

*

சித்தேரி
23.11.1986, ஞாயிறு பகல்

அக்கா,

நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை மட்டும் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

பஸ் இன்னும் விடவில்லை. கிருஷ்ணப்பன் லாரியிலேயே வந்தேன். அவரும் பலகை பிரிக்க மூன்று ஆட்களும் கூட வந்தார்கள். யாரும் வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய், வேறு வண்டி கிடைக்கவில்லை. வழியெல்லாம் மழை. வாசலுக்கு வந்ததும் ஆட்கள் கடப்பாரையை இறக்கினார்கள். "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு நான் மட்டும் படி ஏறினேன்.

சாவியைப் போட்டுத் திருகினேன். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். இடது கையின் ஒரு விரலால் தள்ளினேன். ஒரு விரல்தான் அக்கா. கதவு சத்தமே இல்லாமல் சுவர் வரை போய் நின்றது. நான் பலமாகத் தள்ளத் தயாராக வந்திருந்தேன், அதனால் தடுமாறி மறுபடி உள்ளே போய் விழப் பார்த்தேன். நிலையைப் பிடித்துக்கொண்டேன். உடனே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வருஷமாக அடக்கி வைத்தது போல, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தேன். வெளியே நின்றவர்கள் பயந்துபோனார்கள். அன்றைக்கு நீ எதைப் பார்த்துச் சிரித்தாய் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நீ சிரித்தது சரிதான்.

தரைக்கு வருகிறேன். ஸ்பிரிட் லெவலை நான்கு மூலையிலும் நடுவிலும் வைத்தேன். குமிழி நடுவில். பலகைக்குப் பலகை ஒட்டிக்கொண்டு, வார்த்து எடுத்தது மாதிரி இருக்கிறது. சல்லடை என்று எழுதினேனே, அந்தச் சல்லடை தானாகவே மூடிக்கொண்டுவிட்டது. கீழே மாதப்பனின் ஆடுகள் முழுசும் நிற்கின்றன. வாடை மேலே வரவில்லை. உன் பென்சில் அடையாளத்தில் வெர்னியரை வைத்தேன். 123.3. கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை.

கிருஷ்ணப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். குதிகாலால் இரண்டு இடத்தில் உதைத்துப் பார்த்தார். மண்டிக்காரர், பலகையைத் தட்டினால் விலை சொல்லிவிடுவார். பிறகு கேட்டார், "யாரு ஆசாரிங்க இது? நம்ம தோட்டத்துல பரண் வூடு ஒண்ணு போடணும், ஆளக் காட்டுங்க."

"எங்க அக்காங்க" என்றேன். "தர்மபுரி எக்ஸ்சேஞ்சில இருக்குது."

"அப்ப பலகை?" என்றார்.

வாக்கு மாற எனக்குப் பழக்கமில்லை என்று உனக்கு எழுதியிருந்தேன். அவரிடம் நேராகச் சொன்னேன், "அண்ணா, கதவு தொறக்கலன்னாத்தான் பலகைன்னு எங்க அக்காகிட்ட எழுத்துல ஒத்துக்கிட்டேன். தொறந்துடுச்சு. உங்களுக்கு வேற பொட்டி ஏலத்துல எடுத்துத் தர்றேன்." அவர் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். கதவை அவரே இரண்டு முறை மூடித் திறந்தார். "இதப் பிரிச்சா எங்கையில புழு வெக்குமுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். லாரி வெறுமனே போகவில்லை. பஸ் இல்லாமல் தேங்கிக் கிடந்த சாமை மூட்டைகளை மாதப்பனும் ஊர்க்காரர்களும் ஏற்றிவிட்டார்கள். கடப்பாரை மூட்டைகளுக்கு அடியில் போயிற்று.

நான் மட்டும் தங்கிவிட்டேன். ஒன்பது தூணையும் குனிந்து பார்த்தேன், ஒரு தகர விளிம்பில் லேசாக மண் இருந்தது, சுரண்டிவிட்டேன். மேற்குப் பக்கம் ஒரு ஓடு நகர்ந்திருக்கிறது, மழை விட்டதும் ஏறிச் சரிசெய்கிறேன். அடுத்த சனிக்கிழமையிலிருந்து நான் வருகிறேன். அரூர் பஸ் ஸ்டாண்டில் அதே டீக்கடை, ஒரு மணி. டியூட்டியை எல்லாம் நீயே வாங்கிக்கொள்ளாதே, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் தூண் பார்ப்பது என் முறை.

உன் நாற்பதாவது பலகைக்கு வேலை கொடுத்துவிட்டேன். இரண்டு கல்லின் மேல் போட்டு வாசலில் பெஞ்சாக்கி, அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பூசைப் பாத்திரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன் என்று மாதப்பனுக்கு வருத்தம். பலகையைத் திருப்பிப் போட்டதும் சமாதானமாகிவிட்டார்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார். சாமியாரை அழைக்க வேண்டும், இந்த முறை அவர் உள்ளே வந்து தீர்த்தம் தெளிக்கட்டும். அதே இருபத்திரண்டு பேரும் வர வேண்டும். என் போர்மேனையும் அழைத்து வருகிறேன். மழை பெய்தால் ரொம்ப நல்லது. மதலைமுத்து மாமாவை முன்னால் விட்டு அவர் கையாலேயே கதவைத் திறக்கச் சொல்வோம். அவர் பலமாகத் தள்ளுவார். நீ என் பக்கத்தில் நில். அன்றைக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கலாம்.

சாவியை நான் வைத்துக்கொள்ளவில்லை, தீர்த்தம்மாளிடம் கொடுத்திருக்கிறேன். அது உன் கதவு.

இன்னொன்று. தரையிலிருந்து ஒரு தீக்குச்சியைப் பிடுங்கி உனக்கு அனுப்பலாம் என்று பார்த்தேன். வரவில்லை. கட்டைவிரலால் நெம்பினேன், வரவில்லை. கட்டிங் பிளேயர் போட்டு இழுத்தேன், பாதியில் ஒடிந்துவிட்டது. ஒடிந்த பாதியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மீதிப் பாதி உன் தரையில் இருக்கிறது.

உன் தம்பி,
கஸ்பார்